எட்டு ஜி.பி.யில் மூன்றே கால்

1

எங்கள் ஐ.டி.ஐ. பழைய மாணவர்கள் ஆண்டுதோறும் ஒரு மலர் போடுகிறார்கள். அதில் 'கடல் கடந்த நம்மவர்' என்று ஒரு பகுதி உண்டு. துபாயில் இருப்பவன் வெயிலைப் பற்றி எழுதுவான். சிங்கப்பூரில் இருப்பவன் சுத்தத்தைப் பற்றி எழுதுவான். இந்த ஆண்டு மலரைத் தொகுக்கும் செல்வம் எனக்கு ஃபோன் செய்து, "நீயும் எழுதுடா" என்றான்.

"டேய், குடியாத்தத்துலருந்து பெங்களூரு நாலு மணி நேரம். நடுவுல கடல் எங்கடா கீது?"

"துபாய்க்காரன் வருஷத்துக்கு ரெண்டு தடவ ஊருக்கு வர்றான். நீ கடைசியா எப்ப வந்த?"

கணக்குப் பார்த்தேன், அவன் கேட்டது நியாயம்தான். ஆகவே நானும் வெளிநாட்டுக்காரன் ஆகிவிட்டேன். பாஸ்போர்ட் இல்லாமல் விசா இல்லாமல் கடல் கடந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இங்கே வந்து பதினேழு வருடம் ஆகிறது. பீன்யாவில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்து இந்த மாதத்தோடு பதினொரு வருடம். பதினொரு வருடமும் ஒப்பந்தத் தொழிலாளி. சம்பளம் ஓர் ஏஜென்சியிடமிருந்து வரும், திட்டு மட்டும் நேரடியாகக் கம்பெனியிலிருந்து வரும்.

வெயிலும் சுத்தமும் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டதால், நான் கணினி நினைவகத்தைப் பற்றி எழுதுகிறேன். பயப்பட வேண்டாம். இது ஒரு திருட்டுக் கதை. திருடன் நான்தான் என்று பத்து நாள் பேசிக்கொண்டார்கள்.

2

எங்கள் தொழிற்சாலையில் அளவு பார்க்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. செய்த பாகம் சரியான கனத்தில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துச் சொல்லும். நல்ல இயந்திரம். ஆனால் அது ஒரு பழைய கணினியோடு மட்டும்தான் பேசும். அதுவும் அந்தக் கணினியில் பழைய முப்பத்திரண்டு பிட் இயங்குதளம் இருந்தால்தான் பேசும். புதியதைப் போட்டால் வாயே திறக்காது. நாங்களும் போட்டுப் பார்த்துவிட்டோம்.

போன வருடம் எங்களிடம் பாகம் வாங்குகிறவர்கள், இனிமேல் பரிசோதனை அறிக்கையை இந்தப் புதிய மென்பொருளில்தான் அனுப்ப வேண்டும் என்றார்கள். புதிய மென்பொருளோ பழைய இயங்குதளத்தில் ஓடாது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "ஏதாவது பண்ணுப்பா" என்றார். புதுச் செலவு கிடையாது என்பதற்கு எங்கள் ஆபீஸ் மொழியில் அப்படித்தான் சொல்வார்கள்.

நான் செய்தது இதுதான். பழைய கணினிக்கு உள்ளேயே இன்னொரு கணினியை உண்டாக்கினேன். நிஜமான பெட்டி இல்லை, மென்பொருளால் ஆன கணினி. இதை மெய்நிகர் கணினி என்பார்கள். வெளியே பழைய இயங்குதளம் இயந்திரத்தோடு பேசிக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு ஜன்னலில் புதிய இயங்குதளம் அறிக்கை எழுதிக்கொண்டிருக்கும். ஒரே மேஜை, ஒரே விசைப்பலகை. மேனேஜர் வாயைப் பிளந்தார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது, ஒத்துக்கொள்கிறேன்.

உள்ளே குடியிருக்கிற கணினிக்கும் நினைவகம் வேண்டும். அது வெளியே இருக்கிற கணினியின் பங்கிலிருந்துதான் போக வேண்டும். பெட்டியில் இருந்ததோ இரண்டு ஜி.பி. நாலாக்கினால் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். இங்கேதான் என் புத்தி வேலை செய்தது.

எங்கள் ஸ்டோர்ஸில் ஒரு பழக்கம். நாலு பல்பு கேட்டால் இரண்டு கொடுப்பார்கள். ஆறு ஜோடி கையுறை கேட்டால் மூன்று. இது எல்லோருக்கும் தெரியும் என்பதால் எல்லோரும் இரண்டு மடங்காகவே எழுதுவோம். அவர்கள் பாதியாக வெட்டுவார்கள். கடைசியில் யாருக்கு என்ன வேண்டுமோ அது கிடைத்துவிடும். ஆகவே நாலு ஜி.பி. வேண்டிய நான் எட்டு என்று எழுதினேன்.

அந்த மாதம்தான் ஸ்டோர்ஸுக்கு மூர்த்தி சார் என்று புது அதிகாரி வந்திருந்தார். கேட்டதைக் கேட்டபடியே கொடுத்துவிட்டார். நாலு ஜி.பி. ரேம் இரண்டு, புத்தம் புதுசு. திருப்பிக் கொடுத்தால் முதலில் பொய்யாகக் கேட்டதாக ஆகிவிடும். இரண்டையும் பெட்டிக்குள் செருகினேன். ஸ்டோர்ஸ் ஆள் வந்து பெட்டியின் மேல் ஸ்டிக்கர் சீல் ஒட்டிவிட்டுப் போனார்.

கணினியைப் போட்டேன். திரை சொன்னது: மூன்றே கால்.

3

எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. முப்பத்திரண்டு பிட் இயங்குதளம் என்பது ஒரு தபால்காரர் மாதிரி. அவரிடம் இருப்பது குறிப்பிட்ட அளவு கதவு எண்கள்தான், நாலு ஜி.பி.க்கு மேல் எண்ணே கிடையாது. அதிலும் கொஞ்சத்தைத் திரைக்கான அட்டை, இயந்திரத்துக்கான அட்டை என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பாக்கி மூன்றே கால். அதற்கு அப்பால் நீங்கள் எத்தனை வீடு கட்டினாலும், வீடு இருக்கும், விளக்கும் எரியும், தபால் மட்டும் வராது.

உள்ளே இருக்கிற கணினி பாடுதான் திண்டாட்டம். புதிய மென்பொருள் மூன்று ஜி.பி. கேட்டது. முதலில் இரண்டரை கொடுத்துப் பார்த்தேன். கிளம்பவே மாட்டேன் என்றது. பழைய இயங்குதளம் எந்த ஒரு மென்பொருளுக்கும் இரண்டுக்கு மேல் விடாது. இரண்டுக்குக் கொஞ்சம் குறைத்து வைத்தேன். கிளம்பியது, ஆனால் வெளியே அளவு பார்க்கும் இயந்திரம் பாதியில் நின்றுகொண்டது. வீட்டுக்கு வந்த மாமனாருக்கு மெத்தை, மின்விசிறி, போர்வை எல்லாம் கொடுத்துவிட்டு நாம் கொசுவோடு படுப்போமே, அந்த ஊர்ப் பழக்கத்தை இங்கேயும் காட்டிவிட்டேன். கடைசியில் ஒன்றரைக்கு இறக்கினேன். இரண்டும் ஓடின. அறிக்கை மென்பொருளைச் சொடுக்கிவிட்டு கேன்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தால் திறந்திருக்கும்.

"எட்டு போட்டுமா இப்படி?" என்று பரிசோதனைப் பிரிவில் ஆளாளுக்குக் கேட்டார்கள். நான் சிரித்து மழுப்பினேன். மழுப்பினால் வாய் மூடுவார்கள் என்று நினைத்தது என் தப்பு. அந்தக் கேள்வி ஆறேழு மாதம் நடந்து நடந்து ஸ்டோர்ஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

4

என்னை நிரந்தரமாக்கும் கோப்பு அந்த வாரம்தான் நகர ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு பிரிவும் 'இவரிடம் எங்கள் பொருள் எதுவும் பாக்கி இல்லை' என்று கையெழுத்துப் போட வேண்டும். கேன்டீன் போட்டாயிற்று, செக்யூரிட்டி போட்டாயிற்று. மிச்சம் ஸ்டோர்ஸ்.

மூர்த்தி சார் பதிவேட்டோடு நேரிலேயே வந்தார். ஐம்பத்தைந்து வயது, இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை. கன்னடம் தவிர வேறு பேசி நான் கேட்டதில்லை. திரையைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார்.

"எண்ட்டு கொட்டித்தினி. மூரு காலு இதெ. பாக்கி எல்லி ஹோய்த்து?" என்றார். எட்டு கொடுத்தேன், மூன்றே கால் இருக்கிறது, பாக்கி எங்கே போனது என்று கேட்கிறார்.

என் கன்னடம் காய்கறிக் கடைக்கும் ஆட்டோவுக்கும் போதும். திருட்டுப் பழியிலிருந்து தப்பிக்கப் போதாது. "இதெ சார், ஆத்ரெ காணல்ல" என்றேன். இருக்கிறது சார், ஆனால் தெரியாது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதெ, காணல்ல. தேவரா?"

இருக்கும் ஆனால் தெரியாது என்றால் அதென்ன கடவுளா என்று கேட்டதும் சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கணினியை அணைத்துப் போட்டேன். கிளம்பும்போது முதல் திரையில் எட்டு என்று ஒரு கணம் வரும். வந்தது. "நோடி சார்!" என்று விரலால் காட்டினேன். அப்புறம் இயங்குதளம் எழுந்தது, மூன்றே கால் என்றது.

"சரி, ஒரு நிமிஷம் முன்னாடி எட்டு இருந்துது. இப்ப இல்ல. நடுவுல எடுத்தது யாரு?" என்று பக்கத்தில் இருந்த சூப்பர்வைசர் தமிழிலேயே கேட்டார். அவர் தர்மபுரிக்காரர். நம்மாளை வாரிவிடுவதில் ஒரு தனி சுகம் இருக்கிறது போலிருக்கிறது.

"பெட்டிய தெறந்தா தெரிஞ்சிடும்" என்றேன். சீலை உடைக்க ஸ்டோர்ஸ் அனுமதி வேண்டும். அனுமதி வேண்டுமென்றால் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். விளக்கம் வரும் வரை கையெழுத்து கிடையாது. மூர்த்தி சார் இதை எல்லாம் கன்னடத்தில் நிதானமாகச் சொல்லிவிட்டு, பதிவேட்டை மூடிக்கொண்டு போனார்.

நான் நினைத்ததை மறைக்காமல் சொல்கிறேன். நான் தமிழன், அதனால்தான் இந்தப் பாடு படுத்துகிறார் என்று நினைத்தேன். மெட்ரோவில் நின்றுகொண்டே வீடு வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

5

தாசரஹள்ளியில் எங்கள் வீடு. ஃபிரிட்ஜின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. என் மகள் இனியா எழுதுவது. பி.யூ. இரண்டாம் ஆண்டு, அதாவது நம்மூர்ப் பன்னிரண்டாம் வகுப்பு, படிக்கிறாள். இங்கேயே இருக்கப் போகிறவள் என்று நான்தான் பள்ளியில் கன்னடம் எடுக்க வைத்தேன். விளைவு, அவள் சீட்டுகளில் பேச்சு தமிழாக இருக்கும், எழுத்து கன்னடமாக இருக்கும். 'அப்பா, சாவி மேல் வீட்ல' என்பதை நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் மேல் வீட்டுக்காரர்கள் வெளியே போய்விடுவார்கள். பஸ் போர்டில் கற்ற எழுத்து வேறு எதற்கு ஆகும்?

"தமிழ்ல எழுதுடி" என்று எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறேன். "தமிழ்லதானே எழுதியிருக்கேன்" என்பாள். அவளைப் பொறுத்தவரை அது சரிதான். எனக்குத்தான் வயிறு எரியும்.

விளக்கத்தை முதலில் நானே ஆங்கிலத்தில் எழுதினேன். நினைவகம் இருக்கிறது, ஆனால் இல்லை, தெரிகிறது, ஆனால் தெரியவில்லை என்று போயிற்று. இனியா வாங்கிப் படித்தாள்.

"அப்பா, இத குடுத்தா உன்ன ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க."

"நீயே எழுது, போ."

எழுதினாள். கன்னடத்தில், அழகாக. நான் சொன்ன தபால்காரர் கதையையே எடுத்துக்கொண்டு, கதவு எண் தீர்ந்துபோன தெரு என்று எழுதி, எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். என் மனைவி சுமதி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "எட்டு ஜி.பி.ய எப்படியாச்சும் கண்டுபுடிச்சிருவாங்க. நீ மெட்ரோல தொலைச்ச எங்கப்பா குடைய யாரு கண்டுபுடிக்கறது?" என்றாள்.

இனியா பேனாவை நிறுத்தினாள். "ஒண்ணு புரியலப்பா. மூணே காலுக்கு மேல தெரியாதுன்னு உனக்கு முன்னாடியே தெரியும். அப்புறம் எதுக்கு எட்டு கேட்ட?"

நான் அந்தப் பாதிக் கணக்கைச் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

"அதையும் எழுதட்டுமா?"

"வேணாம்" என்றாள் சுமதி. "பதினோரு வருஷம் கழிச்சு இப்பதான் பைலு நகருது. நீங்க ரெண்டு பேரும் சேந்து கெடுத்துடாதீங்க."

அவள் சொன்னது நியாயம். எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் மகள் பேனாவோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் மழுப்ப முடியவில்லை. "எழுது" என்றேன்.

6

மூர்த்தி சார் விளக்கத்தை இரண்டு முறை படித்தார். தபால்காரர் இடத்தில் தலையாட்டினார். கடைசிப் பத்தியில் நின்றுவிட்டார். நான் அவர் மேஜைக்கு எதிரே, என் வேலை போகிற சத்தம் கேட்கிறதா என்று நின்றுகொண்டிருந்தேன். அப்போது அவர் ஃபோன் அடித்தது. எடுத்தார்.

"ஆங், சொல்லும்மா. கொத்தமல்லியா? சரி, வரசொல்ல மல்லேஸ்வரத்துல வாங்கினு வரேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் தெருவில் கேட்கிற அதே 'வாங்கினு வரேன்'.

"சார், நீங்க தமிழா?"

"எங்க தாத்தாவோட தாத்தா ஆற்காட்லருந்து மைசூர் சர்க்கார் வேலைக்கு வந்தவரு" என்றார், ஃபோனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே. "வீட்ல தமிழ்தான். எழுதப் படிக்கத்தான் வராது."

"இத்தன நாளா என்ன கன்னடத்துல இப்படி திண்டாட விட்டீங்களே சார்!"

"இங்க நான் தமிழ் பேசினா, தமிழாளுக்கு சப்போர்ட்டுன்னு ஒரே நாள்ல கிளப்பிடுவாங்க. அதுக்குத்தான் மத்தவங்கள ஒரு தடவ செக் பண்ணா உங்கள ரெண்டு தடவ பண்றேன்."

ஆக, நான் நினைத்தது சரிதான். நான் தமிழன் என்பதால்தான் படுத்தியிருக்கிறார். காரணம் மட்டும்தான் தலைகீழ்.

அவர் விளக்கத்தின் கடைசிப் பத்தியை விரலால் தட்டினார். "எல்லாரும் ரெண்டு மடங்கு போடறாங்கன்னு வந்து ஆறு மாசம் கழிச்சுதான் தெரிஞ்சுது. ஆனா இத எழுத்துல குடுத்த பைத்தியம் நீங்க ஒருத்தர்தான்." அவர் சிரிக்கவில்லை. அனுமதிச் சீட்டை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

7

சனிக்கிழமை மதியம் இயந்திரம் ஓய்ந்ததும் சீலை உடைத்தோம். மூர்த்தி சார், தர்மபுரி சூப்பர்வைசர், நான். உள்ளே இரண்டு ரேமும் சாதுவாக உட்கார்ந்திருந்தன. கழற்றி, ரிசப்ஷனில் இருக்கிற புதிய கணினியில் போட்டோம். அறுபத்து நாலு பிட். திரை எட்டு என்றது. ரிசப்ஷன் பெண் எதற்கென்று தெரியாமலேயே கை தட்டினாள். சூப்பர்வைசர், "எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

"ஒண்ண வெளியில எடுத்துடலாமா சார்? பழைய பெட்டியில அது தெண்டம்தான்" என்று கேட்டேன்.

முடியாதாம். பில்லில் எட்டு இந்தப் பெட்டியின் பெயரில் இருக்கிறது, அதனால் எட்டும் இந்தப் பெட்டியில்தான் இருக்க வேண்டும். ஆகவே இரண்டையும் பழையபடி செருகினோம். உள்ளே குடியிருக்கிற கணினி இன்றைக்கும் ஒன்றரையில்தான் ஊர்ந்துகொண்டிருக்கிறது. பக்கத்திலேயே நாலே முக்கால் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

மூடியைப் போடும் முன் மூர்த்தி சார், "ஒரு நிமிஷம்" என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் எடுத்து, ஏதோ எழுதி, பெட்டியின் உள்பக்கத்தில் ஒட்டினார். சூப்பர்வைசர் ஸ்க்ரூ தேடிக்கொண்டிருந்தார். நான் குனிந்து பார்த்தேன். கன்னட எழுத்து, தமிழ்ப் பேச்சு. ஃபிரிட்ஜ் சீட்டுகளில் பழகிய கண், கூட்டிக் கூட்டி வாசித்துவிட்டது.

'எட்டு இருக்கு. எண்ணிப் பாத்தேன்.'

நான் மூடியைப் போட்டு நாலு ஸ்க்ரூவையும் முறுக்கினேன். அவர் அதன் மேல் புது சீல் ஒட்டி, பதிவேட்டில் கன்னடத்தில் கையெழுத்துப் போட்டு, "ஆய்த்து, ஹோகி" என்றார். முடிந்தது, போங்கள் என்று. அன்றிலிருந்து என்னிடம் அவர் தமிழ் பேசியதே இல்லை.

8

நிரந்தர உத்தரவு வந்துவிட்டது. சுமதி கேசரி கிண்டினாள். இனியா உத்தரவை வாங்கிக் கடைசி வரி வரை படித்துவிட்டு, "அப்பா, ஒரு வரி பாத்தியா?" என்றாள். ஒப்பந்தத்தில் இருந்த காலம் சேவையில் சேராது. சேவை இந்த மாதம் முதல் தேதியிலிருந்துதான் ஆரம்பம்.

ஆகவே போன திங்கட்கிழமை, என் நாற்பத்தாறாவது வயதில், நான் புதிதாகச் சேர்ந்தேன். நேற்றுப் படிப்பு முடித்த ஐந்து பிள்ளைகளோடு ஓர் அறையில் உட்காரவைத்து, கேன்டீன் எங்கே இருக்கிறது, தீ பிடித்தால் எந்த வழியாக ஓட வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். அந்தப் படத்தைக் காட்டுகிற கருவிக்கு வயர் இழுத்ததே நான்தான். எனக்கும் ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். மனிதவளத்துக்குப் புதிதாக வந்த பெண் சிரித்த முகமாக, "பெங்களூரு புதுசா சார்? கொஞ்ச நாள்ல பழகிடும்" என்றாள்.

படிவத்தில், 'இந்தத் தொழிற்சாலையில் முன் அனுபவம், ஆண்டுகளில்' என்று ஒரு கட்டம் இருந்தது. பூஜ்யம் என்று போடச் சொன்னாள். போட்டேன். கோபம் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். யாரிடம் காட்டுவது?

புது அடையாள அட்டை வீட்டுக்கு வந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் செருகுவதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்பி, பேனா எடுத்து, பஸ் போர்டில் கற்ற கன்னட எழுத்தில், ஒவ்வொன்றாக யோசித்து யோசித்து எழுதினேன். 'பதினொண்ணு இருக்கு. எண்ணிப் பாத்தேன்.'

இனியா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பேனாவை வாங்கி ஒரே ஓர் எழுத்தை மட்டும் திருத்திவிட்டு, அட்டையை உறைக்குள் அவளே செருகிக் கொடுத்தாள்.